மாஸ்டரைப் பேர் சொல்லிப் பாராட்டிய நாள்

1. சூப்பர்வைசர் ஆனது

மலையாளம் பேசும் ஊரான கரமனையில் ஒரு சைவ ஹோட்டலில் நான் சூப்பர்வைசர். அதற்கு முன் அதே ஹோட்டலில் பதினெட்டு வருடம் சப்ளையர். ஊர் வள்ளியூர்ப் பக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. புதிதாக நாலு பேருக்கு மேலாளாகப் போகிற தம்பிகளுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை வியாபாரம் அடங்கியதும் முதலாளி என்னைக் கல்லாப் பக்கம் கூப்பிட்டார். மலையாளி. எங்களோடு பேசும்போது பாதி தமிழ், பாதி மலையாளம்.

"எடோ, நாளை முதல் நீயாணு சூப்பர்வைசர். கேட்டோ?"

"முதலாளி, நான் எட்டாங்கிளாஸோட நின்னவன்."

"அது எனிக்கு அறியாம், நல்லாத் தெரியும். எழுத்துவேலை ஞான் பார்த்துக்கும். நீ ஒரு காரியம் செய்தா மதி, அது போதும். ஆள் போகக் கூடாது. ஆறு மாசத்துல ரெண்டு தோசை மாஸ்டர் போயி. இனி ஒரு மாஸ்டர் போனா கடையைப் பூட்டி வேற ஆளுக்கு வாடகைக்குக் கொடுக்கும். சத்தியமாயிட்டு."

ஹோட்டலில் மொத்தம் பதினாலு பேர். பதினாலு பேருடைய சோறும் இப்போது என் தலையில் என்று தோன்றியது. எனக்குச் சும்மாவே எல்லாவற்றுக்கும் பயம். கேஸ் சிலிண்டர் பாதியில் தீர்ந்தால், கிரைண்டர் நின்றால், எவனுக்காவது காய்ச்சல் வந்தால் என்று நினைத்துக்கொண்டே இருப்பவன். என்னைப் பிடித்து சூப்பர்வைசர் ஆக்கினால் என்ன ஆகும்?

2. மூன்று புத்தகங்கள்

படிக்காதவன் ஆளை நடத்துவது எப்படி? அடுத்த முறை ஊருக்குப் போனபோது நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் மூன்று பழைய புத்தகங்கள் வாங்கினேன். எல்லாம் வெற்றி பெறுவது, ஆட்களை வசப்படுத்துவது பற்றியவை. ஒன்றின் அட்டையில் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் வாசிப்பேன். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். கடைசியில் பார்த்தால் புத்தகம் முழுக்கக் கோடு.

அதிகாலையில் எழுந்தால் வெற்றி நிச்சயம் என்று ஒரு புத்தகம். ஹோட்டல்காரர்கள் நாங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாலு மணிக்கு எழுந்துகொண்டிருக்கிறோம். வெற்றி வந்தபாடில்லை. தூக்கம்தான் போனது.

ஆனால் பலித்ததையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரோடு வாதாடாதே, அவர் அபிப்பிராயத்தைக் கேள் என்று இருந்தது. அக்கிரகாரத் தெருவிலிருந்து ஒரு மாமா தினமும் வருவார், தினமும் குறை சொல்வார்.

"ஏண்டாப்பா, இது சாம்பாராக்கும்? பருப்பு எங்கே போச்சு, லீவுலயா?"

வழக்கமாக நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிவிடுவேன். அன்றைக்கு நின்று, "நீங்க சொல்லுங்கோ மாமா, எப்படி வைக்கணும்?" என்றேன். அவர் கையைக்கூடக் கழுவாமல் அரை மணி நேரம் சொன்னார். மறுநாள் இரண்டு நண்பர்களைக் கூட்டிவந்து, "இவன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன், பாரு இன்னிக்கு எப்படி இருக்குன்னு" என்றார். சாம்பார் அதே சாம்பார்தான்.

இதனால் எனக்குப் புத்தகத்தின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. அதுதான் வினை.

3. பேரைக் கண்டுபிடித்தது

ஆளை வைத்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டு காரியம் செய் என்று இன்னொரு புத்தகம் சொன்னது. ஒன்று, அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடு. இரண்டு, மனம் திறந்து பாராட்டு.

எங்கள் தொழிலில் யாருக்கும் பேர் கிடையாது. தோசை போடுகிறவர் மாஸ்டர். டீ ஆற்றுகிறவர் டீ மாஸ்டர். மற்றவர்கள் அண்ணாச்சி அல்லது தம்பி. அப்போது இருந்த மாஸ்டர் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். அவர் தங்க வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம். அவர் பேர் என்னவென்று எனக்கே தெரியாது. அலமாரியிலிருந்து ஸ்டாஃப் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். பரமசிவம் என்று இருந்தது.

இரண்டு நாள் யோசித்தேன். மூத்தவரை மொட்டையாகப் பேர் சொல்வதா? புத்தகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள், எல்லோரும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். சரி என்று துணிந்தேன்.

மறுநாள் காலை டிபன் முடிகிற நேரம், பதினோரு மணி. அவர் பக்கத்தில் போய் நின்று, புத்தகம் சொன்னபடியே சிரித்துக்கொண்டு, "பரமசிவம், உங்க தோசைக்கு ஈடே கிடையாது. நீங்க வந்த பிறகுதான் இந்தக் கடைக்கே ஒரு பேரு வந்திருக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கல்லில் இருந்த தோசையை எடுத்துவைத்தார். கல்லைத் தேய்த்துக் கழுவினார். தோசைத்திருப்பியை ஈரம் போகத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, மாடியில் நாங்கள் தங்கும் அறைக்குப் போய்விட்டார். பாராட்டில் மனிதருக்குப் பேச்சே வரவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து, சாப்பாட்டுக் கூட்டத்துக்கு நடுவில், சப்ளையர் பையன் மணி கையில் நாலு தட்டை அடுக்கிக்கொண்டே கேட்டான்: "என்ன அண்ணாச்சி, மாஸ்டரை அனுப்பிட்டீங்களாமே? பையைத் தூக்கிட்டு நாகர்கோவில் பஸ்ஸுக்கு நிக்காரு."

"அனுப்பினேனா? பாராட்டுனேன்டே!"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க. முதலாளி மூணு மணிக்கு வந்துருவாரு."

4. பஸ் ஸ்டாப்

கடையை மணியிடம் விட்டுவிட்டு ஓடினேன். மாஸ்டர் மடியில் பையை வைத்துக்கொண்டு ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணாச்சி, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீரு என்ன செய்வீரு? முதலாளி சொல்லியிருப்பாரு, நீரு வந்து சொன்னீரு. மரியாதையாத்தான் சொன்னீரு. அதுல குறையில்ல."

"நான் என்ன சொன்னேன்?"

"வெளையாடாதீரும் வே. அன்னைக்கு ரிஜிஸ்டரை எடுத்து என் பேரைத் தேடுனீரு. நான் பாக்கலன்னு நெனச்சீரா? இன்னைக்கு வந்து பேரைச் சொல்லி, சிரிச்சு, தோசை அப்படி இப்படிங்கீரு. மார்த்தாண்டத்துக் கடையில ஒருத்தன் இப்படித்தான் தோள்ல கை போட்டு, 'பரமசிவம், உம்ம கைப்பக்குவம் யாருக்கும் வராது'ன்னான். சாயந்தரம் பாத்தா புது மாஸ்டர் கல்லுல நிக்கான். கொல்லத்துலயும் அதே கதை. நம்ம தொழில்ல ஒருத்தன் பேரு எப்போ வெளிய வரும்? ஆளை அனுப்பும்போதுதான? நீரு மீதியைச் சொல்லுறதுக்குள்ள நானே போயிட்டா எனக்கும் ஒரு மரியாதை."

இடுப்பில் சொருகியிருந்த புத்தகத்தை எடுத்து நீட்டினேன். "சத்தியமா இல்ல அண்ணாச்சி. இதுல போட்டிருக்குன்னு செஞ்சேன்."

அட்டையைப் பார்த்தார். "இவன் யாரு?"

"எழுதினவரு."

"கோட்டுப் போட்டுக்கிட்டு இவன் எந்தக் கல்லுல நின்னான்?" புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "போம். சாப்பாட்டு நேரம். உமக்கு வேலை கிடக்கு."

அவர் நம்பவில்லை. நாகர்கோவில் பஸ் தூரத்தில் தெரிந்தது. கண்ணைப் பார்த்துப் பேசு, நிதானமாகப் பேசு என்று படித்தது எதுவும் ஞாபகம் வரவில்லை. உள்ளே அரித்துக்கொண்டிருந்த கவலைதான் வாயில் வந்தது.

"உளுந்து ஊறப் போடணும் அண்ணாச்சி! மணி ஒண்ணாகப் போவுது. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டம் வரும். எத்தனை கிலோ போடச் சொல்லட்டும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்குக் காலையில மாவு பொங்கலேன்னா நான் என்ன செய்வேன்?"

அவர் எழுந்து நின்றிருந்தார். "நாளைக்கா?"

"நாளைக்குத்தான்."

"நாளைக்கு மாவுக்கு என்னையா கேக்கீரு?"

"வேற யாரைக் கேக்க?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, "சேட்டா, வருன்னோ இல்லையோ?" என்றார். மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய உளுந்து தீந்துட்டா?"

"தீந்துட்டு. காலையில புதுச் சாக்கு பிரிச்சாச்சு."

"புது உளுந்துல மாவு கூடுதலாக் காணும். ஒரு கிலோ குறைக்கணும். மணிப்பய பழைய கணக்குல போட்டுருவானே?"

"போட்டுருவான்."

"பின்ன இங்க நின்னு என்ன பேச்சு? வாரும் வே!"

பஸ் போய்விட்டது. அவர் முன்னால் நடந்தார். பையை நான் வாங்கிக்கொண்டேன். அவரும் கொடுத்தார்.

5. கற்றுக்கொண்டது

மூன்று மணிக்கு முதலாளி வந்தபோது மாஸ்டர் கல்லில் நின்றிருந்தார். ஆனால் அதோடு சரியாகிவிடவில்லை. ஒரு மாதம்வரை நான் அடுக்களைக்குள் போனாலே அவர் கை ஒரு நொடி நிற்கும். நானும் அவர் பக்கம் போகப் பயந்து, சட்னி வாளியைப் பார்ப்பதுபோல் தள்ளியே நிற்பேன். பயந்தவன் பயந்தவனுக்கு மேலாளாக இருப்பது அலுப்பான வேலை.

புத்தகங்களைக் குறை சொல்லவில்லை. எழுதியவர்கள் பார்த்த ஆட்கள் வேறு. அவர்களுக்கு மறுநாள் வேலை இருக்குமா என்ற கேள்வி இருந்திருக்காது. எங்களுக்கு அதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரியாதவன் காதில் நல்ல வார்த்தைகூட வேறு மாதிரித்தான் விழும்.

இப்போதும் வாசிக்கிறேன். பாராட்டவும் செய்கிறேன். ஆனால் முதலில் நாளை வேலையைக் கேட்டுவிடுவேன். நாளைக்கு எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு வருவீங்க, காய் என்ன வாங்க என்று. பதில் வந்த பிறகுதான் பாராட்டு. அப்படியும் சிலர் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் திரும்ப வேலையில் கை வைக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.