பிடியரிசியில் பறக்கப் போகிற விமானம்

நம் திருச்சபைப் பெண்களுக்கு, கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

இன்று மதியம் சபைச் செயலாளர் ஒரு விண்ணப்பத் தாளோடு என் வீட்டுக்கு வந்தார். ஏதோ விமானக் கம்பெனி வருங்கால வளர்ச்சிக்காகப் புதிய பங்குகள் வெளியிடுகிறதாம். நம் பிடியரிசிப் பணத்தை அதில் போடக் கமிட்டி தீர்மானித்துவிட்டதாம்.

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போட்டு, அதை விற்று நாம் சேர்த்த பணம் அது. பிரசவத்துக்கு நெய்யூர் ஆஸ்பத்திரி போகிறவர்களுக்கு மாட்டுவண்டிக் கூலி.

"நம்ம சங்கத்துச் செல்லத்துக்கு இது நெறமாசம். அவ எதுல போவா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கம்பெனி வளந்தா நமக்கும் லாபம் வரும். பொம்பளையளுக்கு இதொண்ணும் மனசிலாவாது டீச்சர்."

"பின்ன எங்கிட்ட எதுக்கு வந்திய?"

"பெண்கள் சங்கத் தலைவி கையெழுத்து இல்லாம பணத்த எடுக்க முடியாதுல்லா."

மனசிலாகாதவளின் கையெழுத்து மட்டும் வேண்டுமாம். படித்துப் பார்த்துத் தருகிறேன் என்று தாளை வாங்கி வைத்தேன். இப்போது அதுதான் என் அரிசிக் கலயத்துக்கு மூடி.

நாளை காலை திரும்ப வருவார். அதற்குள் செல்லத்துக்கு வலி எடுத்தால், விமானக் கம்பெனி வளரும்வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லலாமா? நீங்களே சொல்லுங்கள்.