கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவள்

பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய புத்தகம் விற்கும் முனியாண்டி அண்ணனுக்கு என் அப்பா வயது. ஆனாலும் என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். ஊரில் உள்ளவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். மதுரையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கும் கூச்சமாக இருந்தது. இப்போது அதைக் கேட்காத வாரம் ஏதோ குறைந்ததுபோல் இருக்கிறது.

துப்பறியும் நாவலில் நான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். முன்பு அப்படி இல்லை. கொலைகாரன் யாரென்று சொல்லிவிட்ட கல்லூரித் தோழியோடு சில நாள் பேசாமலே இருந்தவள் நான். மகள் யாழினி பிறந்தபின் மாறிப்போனேன். கதையில் குழந்தை வந்தால், அது பிழைக்கிறதா என்று தெரியாமல் மேலே படிக்க முடிவதில்லை. துப்பறிபவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் உண்டு. பிள்ளையைத் தூங்க வைக்கும் வேலை அவர்களில் யாருக்குமே இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

போர் வரலாறுகள் என் கணவர் வாங்கிவிட்டுப் படிக்காமல் வைத்தவை. முடிவு முன்பே தெரியும் என்பதால் எனக்கு அவை நிம்மதி. ஆனால் படை பின்வாங்கும் அத்தியாயத்தில், தளபதி எந்த மேசையில் வரைபடத்தை விரித்தார் என்பதுவரை எழுதுகிறவர்கள், "சாலையெங்கும் அகதிகள் நெரிசல்" என்ற அரை வரியில் மக்களைத் தாண்டிவிடுகிறார்கள். அந்த மக்கள் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள்? எனக்கு இப்போது அதுதான் தெரிய வேண்டும். கணவரின் வேலை அனுமதி அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பித்தால் யாழினிக்கு ஜனவரியில் இங்கே பள்ளியில் முதலாம் ஆண்டு. இல்லையென்றால் ஊர் திரும்பி, ஜூனில் மதுரையில் பள்ளி. அவருடைய அலுவலகத்தில் கேட்டால் மலாயில் "துங்கு டுலு", கொஞ்சம் பொறுங்கள், என்கிறார்களாம். அவரை மறுபடி கேட்கச் சொல்லலாமா, கேட்டால் எரிச்சல்படுவார்களோ என்று நானும் தினம் யோசிக்கிறேன்.

போன சனிக்கிழமை யாழினிக்குப் பள்ளிக் காலணி வாங்கிவிட்டு அண்ணன் கடைக்குப் போனோம். ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தை மட்டும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

"இந்தத் தடவ ஏமாத்த முடியாதுலா அக்கா. ஒழுங்கா முதல்லேர்ந்து படிங்க."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலல்ல அண்ணே? அத மட்டும் சொல்லிருங்க."

"ஐயோ, கதைதான்லா!" என்று சிரித்தார். "அடுத்த மாசம் பெரிய போர் புக்கு ஒண்ணு வருது. எடுத்து வைக்கவா?"

"அடுத்த மாசமா... தெரியல அண்ணே."

"ஓ, போர் சலிச்சிருச்சா? ஓக்கே, வேற பாப்போம்லா."

அவர் புரிந்துகொண்டதை நான் திருத்தவில்லை. என்னவென்று சொல்லித் திருத்துவது?

பூச்சோங்கில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் ரப்பர் பேண்டைக் கழற்றினேன். குழந்தை பிழைத்துவிட்டது. எப்போதும் அதோடு மனம் அடங்கிவிடும், அன்று அடங்கவில்லை. கடையிலேயே போட்டுக்கொண்ட காலணியை யாழினி கழற்ற மறுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கருப்புக் காலணி, இரண்டு நாட்டுக்கும் ஆகும். ஜூன் வரை தாங்கட்டும் என்று ஓர் அளவு பெரிதாகவே எடுத்திருந்தேன்.

"அம்மா, இது எந்த ஸ்கூலுக்கு?"

"ஸ்கூலுக்குத்தான்டா."

இறங்கி நடந்தபோது, அவள் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் காலணியை விட்டு எழும்பி, மறுபடி உள்ளே விழுந்துகொண்டிருந்தது.