திமோத்தியைப் பச்சையாகப் பார்க்காத முருகேசன்

ஞாயிறு காலை கடையைத் திறக்கும்போது கம்போங் மேடானிலிருந்து போன் வந்தது. முருகேசனோடு அறையில் தங்கியிருந்தவர் பேசினார். "அண்ணே, முருகேசன் எந்திரிக்கல." மாரடைப்பு என்றார்கள். கிள்ளானில் என் கடைக்கு முயல் தீவனம் வாங்க வரும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தாவரவியல் படித்துவிட்டு, பெரம்பலூரிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த வேலை பெர்மிட்டில் மூட்டை தூக்க வந்தவர்.

ஒருமுறை திமோத்திப் புல் என்று கண்டெய்னரில் வந்திறங்கிய காய்ந்த கட்டைப் பார்த்து, "இது திமோத்தி இல்லண்ணே" என்றார். எனக்கு எல்லாம் ஒரே பூனைவால்தான். கதிரை என் கன்னத்தில் தேய்த்துக் காட்டினார்.

"திமோத்தின்னா சொரசொரன்னு இருக்கும். ஒவ்வொரு மணியிலயும் ரெண்டு குட்டிக் கொம்பு. இது மெத்துங்குது பாருங்க, ஒத்த முடிதான். நரிவால் புல்லு."

"மெத்துன்னு இருந்தா நல்லதுதானே லா? பேசாம மூட்டையக் கட்டு. பெர்மிட் என் கையில இருக்கு, மறந்துடாத."

"உங்க கையிலதாண்ணே இருக்கு. புல்லுக்கு அது தெரியாதே."

கோபத்தோடு சிரிப்பும் வந்துவிட்டது. நரிவால் என்று சொல்லியே விற்றேன். அதற்குப் பிறகுதான் நீங்கள் என் கடையை நம்பினீர்கள். அந்த நல்ல பெயர் அவர் சம்பாதித்தது.

ஐரோப்பாவில் திமோத்திப் புல் வருடக்கணக்கில் நிற்குமாம். அடித்தண்டு சின்ன வெங்காயம் போல் உருண்டிருக்கும், அதில் உணவைச் சேர்த்து வைத்து வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்பார். அவர் பார்த்ததெல்லாம் காய்ந்த கட்டுகள்தான். கடைக்குப் பின்னால் தொட்டியில் விதை போட்டார். முளைத்தது, கிள்ளான் சூட்டில் வெளுத்துப் படுத்துவிட்டது. கேமரன் மலையில் ஒரு தோட்டக்காரர் அவரை வேலைக்குக் கூப்பிட்டார். அந்தக் குளிரில் புல் பிழைக்கும். ஆனால் நான் விடுவிப்புக் கடிதம் கொடுத்தால்தான் அவர் போக முடியும்.

"ஒரு கையெழுத்துதாண்ணே. அதப் பச்சையா ஒரு தடவை பாத்துடணும்."

"அடுத்த கண்டெய்னர் வரட்டும் முருகேசு."

கண்டெய்னர்கள் வந்துகொண்டே இருந்தன. இரண்டு வருடம் கேட்டார், பிறகு நிறுத்திவிட்டார். மனம் மாறிவிட்டது என்று நான் வசதியாக எடுத்துக்கொண்டேன். உடலை ஊருக்கு அனுப்பும் தாள்களில் மட்டும் கேட்ட அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது புல்லைப் பற்றிய அந்த அறிவுதான். எந்தக் கட்டைப் பிரித்தாலும் என்ன புல் என்று நானே சொல்லிவிடுவேன். இது இன்று வந்ததல்ல. அவர் முதல்முறை கடிதம் கேட்டபோதே எனக்குத் தெரிந்திருந்தது. அவர் இல்லாமலும் கடை ஓடியிருக்கும்.