அவருக்காகச் செய்ய எதுவும் இல்லை

என் வீட்டுக்காரர் கத்தோலிக்கர், நான் புராட்டஸ்டண்ட். ஆளுக்கொரு கோயில் என்று பேசித்தான் கல்யாணம் முடிந்தது. மைசூர் ரயில்வே குடியிருப்பில் அவர், அவருடைய அம்மா, நான். ஞாயிறு காலை மூவரும் ஒன்றாகக் கிளம்பி, முச்சந்தியில் பிரிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சேர்ந்துகொள்வோம். அதில் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை.

ஆடி மாதக் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. எங்கள் சபைப் போதகர் ஐயர் வந்து ஜெபித்து, "அவர் கர்த்தரிடத்தில் இளைப்பாறுகிறார், அம்மா. இனி அவருக்காக நாம் செய்ய எதுவும் இல்லை" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். சோறு வடித்து, சட்டை துவைத்து, வரும் நேரம் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்குச் செய்ய எதுவும் இல்லையாம். கடவுள் எட்டாத உயரத்தில் இருக்கிறார், நம் கை அங்கே நீளாது என்று சின்ன வயதிலேயே படித்ததுதான். இவரும் அங்கே போன பிறகுதான் அந்தத் தூரம் உறைத்தது.

மாமியாருக்கோ ஓயாத வேலை. மகன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவக்கறை தீரக் காத்திருக்கிறான் என்பது அவர் நம்பிக்கை. மாதாமாதம் பூசை, அன்றாடம் செபமாலை, வெள்ளிக்கிழமை பட்டினி. மகனுக்கு இன்னும் அம்மா வேண்டியிருந்தது. நான் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கிழவியின் மேல் எனக்கு அப்படியொரு பொறாமை.

கல்லறைத் திருநாள் வந்தது. மெழுகுவர்த்தியும் கையுமாக ஜட்காவில் ஏறப்போன மாமியார், "நீயும் வாயேன்" என்றார்.

"எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, அத்தை. நான் ஏத்த மாட்டேன்."

"யாரு உன்னை ஏத்தச் சொன்னா? மழை வரும்போல இருக்கு. சும்னே, சும்மா வந்து குடை பிடி."

மாமியார் மகன் கல்லறையருகே மண்டியிட்டு மெழுகுவர்த்தியை ஏற்றியதும் தூறல் பிடித்துக்கொண்டது. அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி நின்றேன். காற்று திரும்பியது, சுடர் படுத்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே குனிந்து குடையைச் சுடருக்கு அணையாக வைத்துவிட்டேன்.

"அணைஞ்சா மறுபடி ஏத்திக்கலாம். உன் தலைய மறைச்சுக்கோ" என்றார் மாமியார், அவரும் நனைந்துகொண்டே.

என் நம்பிக்கை மாறிவிடவில்லை. ஆனாலும் மெழுகுவர்த்தி முழுக்க எரிந்து தீரும்வரை குடையை நான் எடுக்கவில்லை.