பெட்டியில் போட்டிருந்த வேகம்

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த ஒரு ஸ்டூடியோவில் நான் கணினி வேலை பார்த்தேன். ஒருநாள் காலை, இலங்கைத்துறைக் கிராமத்திலிருந்து இடம்பெயர்ந்திருந்த மேரி அக்கா வந்தார். கணவர் ஷெல் விழுந்து இறந்திருந்தார். வீட்டோடு படங்களும் போயிருந்தன.

"தம்பி, அவர் அடையாள அட்டைக்கு இங்கதான் படம் எடுத்தவர். இருக்குமோ?"

தேடினேன்; இருந்தது. அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்கு வாங்கோ அக்கா, பெரிசாக்கித் தாறன்."

அன்று மத்தியானம்தான் வீடியோ வேலைக்கென்று கொழும்பிலிருந்து புதிய கிராபிக்ஸ் கார்ட் வந்தது. குறித்த வேகத்துக்கு மேலும் பயமில்லாமல் ஓட்டலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. கூட வேலை செய்த யூட் நம்பவில்லை.

"அது ஏசி அறையிலை பாத்த கதை. எங்கட வெக்கைக்கும் ஜெனரேட்டர் கரண்டுக்கும் ஏலாது."

"கம்பனிக்காரன் பொய்யே எழுதுவான்?"

வாதத்தில் வெல்லத்தான் வேகத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. யூட்டைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு கருகல் மணம் வந்தது. கார்டோடு, படங்கள் எல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. நான் வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் அக்கா படத்துக்குச் சட்டமும் வாங்கிக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"நேற்று ஒருக்காப் பாத்தனான்தானே, தம்பி."

சட்டத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிழை கார்டிலா ஜெனரேட்டரிலா என்று யூட் இன்றைக்கும் வாதாடுவான். நானோ, யாராவது பழைய படம் கேட்டு வந்தால் கதிரையில் இருத்தி, சின்னதாகவேனும் ஒன்றை உடனே பிரிண்ட் அடித்துக் கையில் கொடுக்கிறேன். 'நாளைக்கு வாங்கோ' என்பது அதற்குப் பிறகுதான்.