வெளிநாட்டுக் குழாய்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நான் சுகாதார ஆய்வாளராக இருந்த காலம். விவசாயக் கூலிகளின் தெருவில், ஒரு பணக்கார நாடு கொடுத்த அடிகுழாயைக் கட்சிக் கொடிகள் கட்டித் திறந்தார்கள். பதினோராம் மாதமே உள்ளிருந்த தோல் வாஷர் கிழிந்து குழாய் நின்றுபோனது.

குழாய்க்கு எதிர்வீட்டுப் பெண் மட்டும் அதை விடவில்லை. ஒல்லியான உடம்பு, சேற்றில் வெளுத்த விரல்கள். தினமும் ஒரு செம்பு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்து, பாதியைக் குழாயின் தலையில் ஊற்றிவிட்டு நாற்பது தடவை அடிப்பாள். நான் எண்ணியிருக்கிறேன். காற்றுதான் வரும்.

அன்று நான் போனபோது, அவளுடைய மூத்த மகள் வாந்திபேதியில் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. இளையவளும் துவண்டு வாசலில் கிடந்தாள்.

“வாஷர் எப்பங்க வரும்?”

“ஆறு கடிதம் போட்டாச்சும்மா. கொழா குடுத்ததோட சரி, சாமான் தரமாட்டோம்னுட்டாங்க.”

“அவங்க ஊர்ல கொழா கெட்டுப்போனா?”

“அன்னைக்கே சரிபண்ணிடுவாங்க.”

“அப்ப கெட்டுப்போவும்னு தெரிஞ்சுதானங்க குடுத்திருக்காங்க?”

சின்னவள் தண்ணீர் கேட்டாள். என் பையிலிருந்த குளோரின் பொடி முந்தின தெருவிலேயே தீர்ந்திருந்தது. செம்பில் மீதமிருந்த வாய்க்கால் தண்ணீரைத் தாய் மகளின் வாயருகே கொண்டுபோகும்போது என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் வேறு தண்ணீர் இல்லை.

சின்னவள் ஐந்து மடக்கு குடித்தாள்.