அண்ணையே இருக்கட்டும்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் தேர்தல் உண்டு. நடந்ததுதான் இல்லை. தலைவர் பதவி என்று செயலாளர் வாசித்ததும் பின்வரிசையிலிருந்து யாராவது, "அண்ணையே இருக்கட்டும்" என்பார்கள். உடனே கைதட்டல். வேறு பெயர் சொன்னால் முகத்தை முறித்ததாகிவிடும். அப்படியே பல வருடம் அண்ணையே இருந்தார்.

கெட்டவர் இல்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் எதையாவது தாங்கள் செய்யலாமா என்று கேட்டாலும், "அதை நாங்கள் பாக்கிறம்" என்பார். பிள்ளைகள் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். சங்கம் எங்களோடு முடிந்துவிடும் என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

ஆண்டு மலருக்குச் சங்கம் தொடங்கிய கதையை எழுதி, கூட்டத்தில் வாசிக்கவும் அவரே என்னைக் கேட்டார். நான் மருந்துக்கடை வேலையோடு ரோம வரலாறு படித்து, ஐம்பது வயதில் பட்டம் வாங்கியவள். அதைச் சொல்லாமல் என்னால் ஒரு பந்தி எழுத முடியாது.

"ரோமாபுரியை விட்டிட்டு எங்கடையை எழுதுங்கோ, தங்கச்சி" என்றார்.

நான் விடவில்லை. பேரரசர் காலத்து வரலாற்றாசிரியர்களுக்கு ஆளுகிறவரைப் பற்றி வாய் திறக்கப் பயம். அதனால் நகரத்தின் ஆதிக்கதைகளுக்குப் போவார்கள். ஏர் உழுதுகொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு முழு அதிகாரத்தையும் கொடுத்தார்களாம். பகைவரை வென்ற கையோடு அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போனாராம். செத்தவரைப் புகழ்ந்ததற்கு யாரைத் தண்டிப்பது? வாசிக்கிறவர் அரண்மனைப் பக்கம் திரும்பிப் பார்த்தால் அது அவர் பாடு.

எங்கள் முதல் தலைவரும் காலமாகிவிட்டார். அவரைப் புகழ்ந்து தள்ளினேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. கவுன்சிலுக்கு அலைந்து மண்டபம் எடுத்ததை எழுதினேன். கதிரைகளைத் தானே அடுக்கியதையும் எழுதினேன். அடுத்த வருடமும் நீங்களே இருங்கோ என்று எல்லோரும் கேட்டபோது, "நானே இருந்தா நீங்கள் எப்ப பழகிறது?" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கி, சனத்தோடு சனமாக இருந்தார். கூட்டத்தில் அந்த இடத்தை வேண்டுமென்றே ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். முன்வரிசையில் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தேர்தல். தலைவர் பதவி என்று செயலாளர் வாசித்தார். பின்வரிசை வாய் திறக்கவில்லை. அந்த அமைதி என் எழுத்தால் வந்தது. அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் குறையவில்லை. கடைசியில் அண்ணை தானே எழும்பி, இங்கே பிறந்த ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொன்னார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள்.

தேநீர் நேரம் கையில் ரோல்ஸோடு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அது எனக்குத்தானே எழுதினது?"

"ஓம் அண்ணை."

கோபத்தில் நல்ல பேச்சு விழும் என்று நின்றேன். அவரோ சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தார்.

"அப்ப அடுத்த மலரிலை என்னையும் அப்பிடி எழுதுவியளோ?"

"எழுதாமல் விடுவனோ? இண்டைக்குத்தானே அண்ணை எழுதிறதுக்கு விஷயம் தந்தனீங்கள்."